ஒற்றைக்கால் சத்தம்

டாக்டர் என்னை தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். தனியாக நடப்பது எனக்கு அலுப்பு. ஒரு நாய் இருந்தால் அது முன்னால் இழுக்கும், நாம் பின்னால் ஓடவேண்டியதுதான், சர்க்கரை தானாக இறங்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நாய்கள் காப்பகத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது காரின் பின்சீட்டில் ஒரு நாய் இருந்தது உண்மை. ஆனால் அதற்குப் படியேற வராது. எங்கள் மாடி வீட்டுக்குப் பத்தொன்பது படிகள். மூச்சு வாங்க அதைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஏறினேன்.

கதவைத் திறந்த என் மனைவி நாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி நாயைப் பார்த்தாள்.

"எதுக்குப் போனீங்க?"

"நாய் எடுத்துட்டு வர."

"இது?"

"நாய்தான்."

"நம்ம ரெண்டு பேரையும் விட வயசுல பெரியவரா இருப்பாரு போலிருக்கே. வாங்க பெரியவரே, உள்ள வாங்க. இவருக்குத்தான் அறிவில்ல, உங்களுக்குமா இல்ல?"

அன்றிலிருந்து அவர் பெரியவர். காப்பகத்தில் வேறு ஏதோ பெயர் சொன்னார்கள். காது சுத்தமாகக் கேட்காதவருக்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன?

அங்கே மற்ற நாய்களெல்லாம் என்னைக் கண்டதும் குதித்துக் கூத்தடித்தன. இவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். கூண்டில் ஓர் அட்டை தொங்கியது. வயது பன்னிரண்டு. காது கேட்காது. இடது கண்ணில் புரை. வலிப்பு உண்டு. இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. காரணம்: கூப்பிட்டால் வருவதில்லை. காது கேட்காத நாயைக் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று கோபித்துக்கொண்ட அந்த இரண்டு குடும்பங்களையும் நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயை மூடுவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இதில் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு பலவீனமும் உண்டு. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இருபத்தேழு வருஷமாக அடுத்தவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிழைக்கிறேன். டெஸ்டில் மூன்று தடவை ஃபெயிலானவர்களை மற்ற பயிற்சிப் பள்ளிகள் கைகழுவிவிடும். கைகழுவப்பட்டவர்கள் என்னிடம் வருவார்கள். திருப்பி அனுப்பப்பட்டது என்று எழுதியிருந்தால் எனக்குக் கை பரபரக்கும்.

காப்பகத்தை நடத்தும் மேடம் கறாரான ஆள். "பதினஞ்சு நாள் பாருங்க சார். வலிப்பு மாத்திரை காலைல ஆறரை, சாயங்காலம் ஆறரை. தவறவே கூடாது. பதினஞ்சாவது நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வருவேன். யார் வீட்டுல இருப்பாங்களோ அவங்க கையால மாத்திரை குடுத்துக் காட்டணும். முடியலன்னா அழைச்சிட்டுப் போயிடுவேன். இது மூணாவது தடவை. இதுக்கு மேல இவரை யார்கிட்டயும் காட்ட மாட்டோம். பின்னால ஒரு ஷெட் இருக்கு. கடைசி வரைக்கும் அங்கதான்."

"ஒரு மாத்திரைதானே மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன அசட்டு வாக்கியங்களின் பட்டியலில் அதற்கு நல்ல இடம் உண்டு.

யார் வீட்டில் இருப்பார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை. பதினாறாவது நாள் என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள். அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன். ஒரு மாதம் கூட இருக்கவேண்டும். ஆக மாத்திரை என் கையால்தான் போகவேண்டும்.

முதல் நாள் மாலை ஆறரைக்கு, வேகவைத்த கோழித் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்து, ஹால் சோபாவில் உட்கார்ந்து கையை நீட்டினேன். பெரியவர் மூலையில் இருந்த தன் விரிப்பிலிருந்து எழுந்தார். பின்னங்கால்கள் இரண்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல ஒத்துழைக்க மறுக்க, மெதுவாக என்னை நோக்கி வந்தார். நேராக மேசைக் காலை நோக்கி வந்தார். ஐயோ, இடித்துக்கொள்ளப் போகிறாரே என்று நான் பதறினேன். மூன்றடி தூரத்தில் நின்றார். சிவப்பு விளக்குக்கு நிற்பதுபோல நின்றார். ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் போராடினேன். அதற்குள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், தாடையை ஒரு விரலால் தூக்கினாள், முடிந்தது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். குத்தியதே தெரியாமல் குத்துவாள். முப்பது வருஷமாக என்னையும் அப்படித்தான்.

"புது இடம் இல்லையா, அதான்" என்றாள்.

புது இடமாம். அடுத்த நாள் கூரியர்காரர் வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவர் போய் அவர் கையை நக்கினார். தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரின் மடியில் தலைவைத்துத் தூங்கினார். மனைவியின் பின்னால் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தார். பகலில் நான் தூங்கும்போது வந்து என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்ததாகக்கூடக் கேள்வி. நான் முழித்துக்கொண்டு, கையில் கோழியோடு, ஆசையோடு உட்கார்ந்தால் மட்டும் மூன்றடியில் பிரேக்.

நான் செய்யாதது இல்லை. சோபாவிலிருந்து நாற்காலிக்கு மாறினேன். டார்ச் அடித்துக் கூப்பிட்டேன். மனைவியின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். வாசனையைப் பார்த்து ஏமாறுவார் என்று. ஏமாறவில்லை. துப்பட்டாவில் கோழிக்கறை படிந்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கோழியிலிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து ஈரலுக்குப் பதவி உயர்வு கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அதே கதை. எழுவார், வருவார், எதன் மீதாவது மோதப் போவார், நான் பதறுவேன், நிற்பார், திரும்பிவிடுவார். ஒன்பதாவது நாள் எனக்கு உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது: கூப்பிட்டால் வருவதில்லை. அந்த இரண்டு குடும்பங்களின் குரல் அது. சிரித்தேன் இல்லையா, எனக்கு வேண்டும்.

"போகட்டும் விடுங்க" என்றாள் மனைவி. "அவருக்கு உங்களைப் பிடிக்கல. எல்லாருக்கும் எல்லாரையும் பிடிக்குமா?"

"நான் என்ன பண்ணேன் அவருக்கு? பத்தொன்பது படி தூக்கிட்டு வந்தேன். தினம் ரெண்டு வேளை தூக்கிட்டு இறங்கறேன், ஏறறேன். என் ஷூவுக்குள்ள ஒண்ணுக்குப் போனாரு, ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொன்னீங்க. அவருக்குக் கேக்கல."

வேலையிலும் எரிச்சல் தொடர்ந்தது. அப்போது என்னிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. நான்கு தடவை ஃபெயில். பிடுங்க வந்த பல்லைப் பார்த்தால் சிரிப்பவர், வளைவைப் பார்த்தால் நடுங்குவார். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. மாணவர் தப்பு செய்தால் நான் நிறுத்த. அன்று ஒரே தெருவில் ஆறு தடவை மிதித்தேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அவர். "நான் பிரேக் போடறதுக்குள்ள நீங்க போட்டுடறீங்க. அப்புறம் நான் எப்பதான் கத்துக்கறது?"

"எதிர்ல லாரி வந்துச்சும்மா."

"லாரி நின்னுட்டிருந்துச்சு சார்."

"நிக்கிற லாரியிலயும் இடிக்கலாம்."

"உங்க கால் உங்க பேச்சைக் கேக்குதா சார்?" என்று கேட்டார். பல் டாக்டர்கள் நம் வாயில் எதையாவது அடைத்துவிட்டுக் கேள்வி கேட்பவர்கள். பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் சொன்னது நிஜம். என் வலது கால் தனி ஆள். பஸ்ஸில் போனால் மிதிக்கும். நண்பர்கள் காரில் மிதிக்கும். டி.வி.யில் யாராவது ஓடினால்கூட மிதிக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு சண்டை போட்டாள். இப்போது அதைக் கவனிப்பதையே விட்டுப் பல வருஷம் ஆகிறது. என் குறட்டையைப்போல அதுவும் வீட்டுச் சத்தமாகிவிட்டது.

பன்னிரண்டாவது நாள் மாலை ஏழு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். அவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். வீட்டிலேயே, எங்கள் ஹாலுக்கு நேர் கீழே உள்ள அறையில், ஒற்றைக்கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வேலை செய்வார். அதிர்ந்து பேசாத மனிதர். கையில் ஒரு தாள்.

"சார், தப்பா எடுத்துக்கக்கூடாது. மேல என்ன இடிக்கிறீங்க?"

"இடிக்கலையே சார்."

"உங்க ஹால் மரத்தரை. நீங்க நினைக்கிறதைவிட சத்தம் கீழ வரும். பத்து நாளாக் குறிச்சு வெச்சிருக்கேன், பாருங்க." வாசித்தார். "காலைல ஆறு முப்பத்தொண்ணு, ரெண்டு தடவை. ஆறு முப்பத்திமூணு, ஒண்ணு. ஆறு முப்பத்திநாலு, மூணு. சாயங்காலம் ஆறரை, ரெண்டு. ஆறு முப்பத்தியஞ்சு, நாலு. ஆறரைக்கு ஆறரை சார். மத்த நேரத்துல அங்கொண்ணு இங்கொண்ணுதான். நேத்து ஒரு ஸ்பிரிங்கை இடுக்கியில எடுத்து வெக்கிறேன், தலைமுடியைவிட மெல்லிசு, டொம்முன்னு ஒரு சத்தம். ஸ்பிரிங் பறந்து போச்சு. ஒரு மணி நேரம் தரையில தேடிட்டு, கடைசில என் சட்டைப் பையிலேயே எடுத்தேன்."

"மன்னிச்சுக்குங்க சார்" என்றேன், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரைக் காட்டி. "நாய்தான். வயசாயிடுச்சு. பின்னங்கால் சரியில்ல."

அவர் தலையாட்டவில்லை. "நாய் நடக்கறதும் எனக்குக் கேக்கும் சார். அது நாலு கால். மாத்தி மாத்தி விழும். இது ஒத்தைக்கால் சத்தம்."

என் மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்க்கவில்லை. என் வலது காலைப் பார்த்தாள்.

"என்னங்க, கொஞ்சம் உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து நடுவில் வைத்தாள். ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். டம்ளர் ஓரத்துக்கு நகர்ந்தது. இன்னும் தள்ளினாள். பாதி டம்ளர் மேசைக்கு வெளியே.

டொம்.

என் கால்தான். நான் மிதிக்கவில்லை, அது மிதித்தது. மூலையில் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த பெரியவர், இடி விழுந்தாலும் கேட்காதவர், சட்டென்று தலையைத் தூக்கினார்.

"ஏழு பன்னெண்டு" என்று சொல்லிக் கீழ்வீட்டுக்காரர் தாளில் குறித்துக்கொண்டார்.

"இவருக்குக் காதுதான் கேக்காது" என்றாள் மனைவி. "தரை கேக்குது. நீங்க கையால வா வான்னு சொல்றீங்க. காலால நில்லுங்கறீங்க. அவரு பாவம், எதைக் கேப்பாரு?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பன்னிரண்டு நாள், நாளைக்கு இரண்டு வேளை, ஆசையாக என்னிடம் வர எழுந்த ஒரு கிழட்டு ஜீவனை, அது இடித்துக்கொள்ளக்கூடாதே என்ற பதற்றத்தில், நானே உதைத்து உதைத்து நிறுத்தியிருக்கிறேன். அவர் கூப்பிட்டால் வராதவர் இல்லை. இந்த வீட்டில் நான் சொன்னதைத் தட்டாமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

காரணம் தெரிந்தால் நோய் பாதி குணம் என்று என் மனைவி நினைத்தாள். அவளுக்கு என் காலைப் பற்றி முழுதாகத் தெரியாது. பதின்மூன்றாம் நாள் காலை காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். கால் தலையணையை விட்டு விலகிப் பக்கத்தில் மிதித்தது. மாலையில் வலது காலை நாற்காலிக் காலோடு துண்டால் கட்டினேன். பெரியவர் மேசையை நெருங்கினார், நான் நாற்காலியோடு துள்ளினேன். படியில் பார்த்தபோது கீழ்வீட்டுக்காரர், "சார், இப்ப நாலு கால் சத்தமும் வர ஆரம்பிச்சிருக்கு" என்றார் வருத்தமாக.

"மேசையையே எடுத்துடலாமே" என்றாள் மனைவி. எடுத்தோம். பெரியவர் சுவரை நோக்கி நடந்தார். சுவரை எடுக்க முடியவில்லை.

பதினான்காம் நாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் தொடைக்கு அடியில் சிறை. அன்று மதியம் பயிற்சிக் காரிலேயே இப்படி உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். பல் டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், உடம்புக்கு ஏதாவதா?" என்றார். ஒன்றுமில்லை, நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்க, அவர் அந்த நீளத் தெருவை ஒரு தடவைகூட எஞ்சின் அணையாமல் ஓட்டி முடித்துவிட்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வாரமாகத் தடங்கல் யார் என்று தெரிந்துபோனதே.

மாலையில் பெரியவர் ஒரு சாண் தூரம் வரை வந்தார். மூக்கு துடித்தது. மூச்சு என் விரலில் பட்டது. அப்போது அவர் பின்னங்கால் லேசாக வழுக்கியது. என் தொடை துள்ளி, முழங்கால் தரையில் மடேர் என்று இறங்கியது. அவர் நின்றார். திரும்பிப் போனார். நான் கோழித் துண்டைத் தட்டில் எறிந்தேன். "போங்க" என்றேன். "ஷெட்டுக்கே போங்க. அங்க யாரும் உதைக்க மாட்டாங்க."

மனைவி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்து என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். "அக்காகிட்ட சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லட்டுமா?" என்றாள். அவள் அப்படிக் கேட்டதுதான் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

பதினைந்தாம் நாள் மாலை ஆறு இருபதுக்குக் காப்பக மேடம் வந்தார். கையில் ஒரு ஃபைல். மறு கையில், தூக்கிச்செல்லும் ஒரு காலிக் கூண்டு.

"இது எதுக்கு மேடம்?" என்றேன்.

"ஒருவேளைக்கு" என்றார். வாசற்கதவுக்குள்ளே வைத்தார். கூண்டு பெரியது, கதவு அதில் முட்டி, பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். உதவிக்கு வரக்கூடாது என்ற உத்தரவோடு என் மனைவி சமையலறை வாசலில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆரம்பிங்க சார்."

இருபத்தேழு வருஷமாக டெஸ்டுக்கு மற்றவர்களை அனுப்பிவிட்டு வெளியே நின்று, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று சொன்னவன் நான். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உள்ளங்கையில் கோழி, கோழிக்குள் மாத்திரை, கை முழுக்க வியர்வை. பெரியவர் எழுந்தார். வந்தார். நாற்காலியில் இருந்த மேடத்தின் காலில் இடிக்கப்போனார். என் முழங்கால் தரையைத் தட்டியது. லேசாகத்தான். அவருக்கு அது போதும். நின்றார்.

மேடம் ஏதோ எழுதினார். பேனாச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை பாக்கலாம்" என்றேன்.

ஆனால் பெரியவர் விரிப்புக்குத் திரும்பவில்லை. பாதி திறந்த கதவு வழியாகப் படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்திருந்தது. அவருடைய நல்ல கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். அதை நோக்கி நடந்தார். எங்கள் வாசலுக்கு வெளியே நிற்க இடம் கிடையாது. நிலைப்படியைத் தாண்டினால் ஒரு சிமென்ட் படி, அப்புறம் இன்னொன்று, மொத்தம் பத்தொன்பது. அவருக்கு ஒன்றுகூட இறங்க வராது.

"பிடிங்க, பிடிங்க" என்றாள் மனைவி. மேடம் எழுந்தார், அவர் மடியிலிருந்து ஃபைல் சரிந்து தாள்கள் பறந்தன. நான் எழப் பார்த்தேன். பதினைந்து நிமிடச் சம்மணத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் கூண்டைச் சுற்றிக்கொண்டு நிலைப்படிக்குப் போய்விட்டார். கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. முன்னங்காலைத் தூக்கினார்.

என் வலது கால் சிறையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. லாரி, பஸ், குறுக்கே ஓடிய சைக்கிள், இருபத்தேழு வருஷத்தில் மிதித்த அத்தனையையும் சேர்த்து ஒரே மிதி.

டொம்.

பெரியவர் நின்றார். தூக்கிய கால் தூக்கியபடி, படிக்கு மேலே காற்றில். அசையவில்லை.

நான் தவழ்ந்துதான் போனேன். வேறு வழியில்லை. கூண்டை ஒதுக்கி, அவரை உரசிக்கொண்டு வெளியே போய், முதல் படிகளில் கால்களைப் போட்டு, நிலைப்படியில் ஒரு சுவர் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். வலது கால் சும்மா இருக்கவில்லை. விழாத நாய்க்காகச் சிமென்ட் படியில் மிதித்துக்கொண்டே இருந்தது. டக், டக், டக். எதுவும் அதிரவில்லை. சிமென்ட் யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

என் வலது கை மூடியே இருந்தது. திறந்தேன். கோழி நசுங்கிக் கூழாகியிருந்தது, நடுவில் வெள்ளையாக மாத்திரை. முதுகுக்குப் பின்னால் மூச்சு வந்தது. பிறகு தோளுக்கு மேல் ஒரு தலை. பிறகு ஈர மூக்கு ஒன்று என் கையில் இறங்கி, கோழியை நக்கி எடுத்தது. மாத்திரையை என் பேண்ட்டில் துப்பினார். என் கால் இன்னும் வேகமாக மிதித்தது. அவர் யோசித்தார். மாத்திரையில் கொஞ்சம் கோழி ஒட்டியிருந்தது. குனிந்து அதையும் எடுத்து, மென்று, விழுங்கினார்.



"நில்லுன்னா நிக்கறாரே" என்றார் மேடம், தாள்களைப் பொறுக்கிக்கொண்டே. "எப்படி சார் சொல்லிக்குடுத்தீங்க? நாங்க ரெண்டு வருஷமா முயற்சி பண்ணோம்."

"நான் சொல்லிக்குடுக்கல மேடம். அவரா கத்துக்கிட்டாரு. நான்தான் இன்னும் கத்துக்கல."

"ஆனா வீட்டுக்குள்ள குடுக்கணும் சார். வாசப்படியில குடுத்தா எப்படி?"

"வாய்க்குள்ளதானே மேடம் போச்சு" என்றாள் என் மனைவி.

மேடம் பெரியவரைப் பார்த்தார். அவர் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு படிக்கட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வாசலுக்கு ஒரு சின்னத் தடுப்புக் கதவு போடணும். நாளைக்கே" என்றார் மேடம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவருக்கு வழிவிட நான் எழவேண்டியிருந்தது. எழ முடியவில்லை. தாண்டித்தான் போனார்.

தடுப்புக் கதவு போட்டாகிவிட்டது. மனைவி அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. பல் டாக்டரம்மா ஐந்தாவது தடவையில் பாஸ். என் கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அது இனித் திருந்தாது. அதனால் தினமும் ஆறரைக்கு ஆறரை, தடுப்பைத் திறந்து, கால்களை வெளியே சிமென்ட் படியில் வைத்து, உடம்பை வீட்டுக்குள் வைத்து உட்காருகிறேன். பின்னாலிருந்து பெரியவர் வருகிறார். சில நாள் விழுங்குகிறார். பல நாள் துப்புகிறார். துப்பினால் மாத்திரை படியில் உருண்டுபோகும். நான் திட்டிக்கொண்டே இறங்கி, பொறுக்கி, துடைத்து, ஏறி, மறுபடி கோழியில் வைக்கிறேன். அவர் கோழியை மட்டும் தின்றுவிட்டு மறுபடி துப்புகிறார். நேற்று மூன்று தடவை. கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். முகத்தை நக்கினார்.

மூன்றாம் தடவை துப்பியபோது மாத்திரை அடிப்படி வரை போய்விட்டது. கீழ்க்கதவு திறந்தது. ஒற்றைக்கண் லென்ஸோடு கீழ்வீட்டுக்காரர் குனிந்து, இடுக்கியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"சார்" என்றார் மேலே பார்த்து. "ஆறு நாப்பத்தொண்ணு. இங்க ஒண்ணு வந்திருக்கு. இறங்கி வர்றீங்களா, நான் கொண்டு வரட்டுமா?"